ஒரு நாளைக்கு நாலு துண்டு

ஊசியும் நூலும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பழந்துணியில் என்னவெல்லாம் தைக்கலாம் என்று ரெண்டே ரெண்டு பத்தி எழுதினேன், அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் நம்ம குமரி மாவட்டத்து அம்மாமார் எழுதியது, அதிலும் பாதி ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எழுதியது என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்கிறேன், மிச்சம் அடுத்த இதழில்.

கேள்வி: அக்கா, எனக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவன் ஒண்ணாம் வகுப்பு, சின்னவளுக்குப் பத்து மாசம். நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு மாசம் தையல் படிச்சேன், வீட்டில் வாங்கித் தந்த மிஷினும் இருக்கு, இப்போ அது மேல இஸ்திரி போடாத துணிதான் மலையா கிடக்கு. போன ஓணத்துக்குன்னு வெட்டி வச்ச பிளவுஸ் இன்னும் அப்படியே இருக்கு. தைக்க உட்கார்ந்தா மனசு லேசாகும்னு தெரியும், ஆனா உட்காரவே முடியல. உட்கார்ந்தாலும், இந்த நேரத்துக்குப் பாத்திரத்தைக் கழுவியிருக்கலாமேன்னு தோணுது. என்ன செய்ய? — ஒரு வாசகி, தக்கலை

பதில்: முதல் வேலையாக அந்த பிளவுஸை ஒரு கவரில் போட்டு அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். அது கண்ணில் படுகிற வரைக்கும் வேறு எதையும் தைக்க விடாது. கைக்குழந்தைக்காரி தைக்கிற சாமான் இல்லை மக்ளே பிளவுஸ். கைக்குழி, டக், லைனிங், ஹூக் பட்டி என்று ஒன்றைப் பிடித்து ஒன்று போகும், நடுவில் பிள்ளை அழுதது என்று எழுந்து போய்விட்டு வந்தால் எது வலது கை எது இடது கை என்றே மறந்துவிடும். (இருபது வருஷமாகத் தைக்கிற நானே ரெண்டு இடது கையாக வைத்துத் தைத்திருக்கிறேன், அதுவும் அடுத்தவங்க பிளவுஸில்.)

உங்களுக்கு வேண்டியது, மரச்சீனி வேகிற நேரத்தில் முடிகிற தையல். நான் அப்படித்தான் அளப்பேன். கிழங்கை நறுக்கி அடுப்பில் ஏற்றினால் எப்படியும் இருபது நிமிஷம், அதற்குள் முடியாத எதையும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆரம்பிக்கக்கூடாது என்பது என் கட்சி.

முதலில், சூடான மீன்குழம்புச் சட்டியை இறக்குகிற துணி ஒன்று தையுங்கள். எட்டு இஞ்ச் சதுரத்தில் மேலே ஒரு பருத்தித் துணி, கீழே ஒன்று, நடுவில் குளித்துத் துவட்டுகிற பழைய துவர்த்தை நாலு மடிப்பாக வைக்கவேண்டும். எல்லாமே சுத்தப் பருத்தியாக இருக்கணும், பாலியெஸ்டர் கலந்தது சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். ஓரத்தைத் தைக்கிறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை குறுக்கே ரெண்டு தையல் ஓட்டுங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கிற துவர்த்து நகராது. அப்புறம் பழைய சேலையில் ரெண்டு இஞ்ச் பட்டி கிழித்து ஓரத்தைச் சுற்றி மடித்து அடித்து, ஒரு மூலையில் தொங்கவிட வளையம் வைத்தால் முடிந்தது. கோணலாக வந்தாலும் சட்டி அதைப் பார்க்காது.

நேரம் இல்லை என்று சொல்கிறோமே, அதில் பாதி தைக்கிற நேரமே இல்லை, எடுத்து வைக்கிற நேரம். மிஷின் மேல் கிடக்கிறதை மாற்றி, நூலைத் தேடி, பாபின் சுற்றி, ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் பிள்ளை எழுந்துவிடும். அதனால் தையலை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். வெட்டுகிறதெல்லாம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பிள்ளைகள் தூங்கினதுக்கு அப்புறம், மொத்தமாக. வெட்டினதை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, கூடவே நூல் கோத்த ஊசி மூன்று நாலைத் துணியில் குத்தி வையுங்கள். மிச்ச நாளில் டப்பாவைத் திறந்தால் தைக்கிற வேலை மட்டும்தான் இருக்கணும். எழுந்து போகும்போது அடுத்த துண்டை ஊசிக்கு அடியில் பிடித்து வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து உட்கார்ந்ததும் எங்கே விட்டோம் என்று யோசிக்கவே வேண்டாம், கால் தானாக மிதிக்கும்.

தவழ்கிற பிள்ளை இருக்கிறது என்பதால் ஒரு விஷயம்: குண்டூசி வேண்டாம். தலையில் குத்துகிற கிளிப்பும் துணி காயப்போடுகிற கிளிப்பும் துணியை நன்றாகவே பிடிக்கும். ஊசி எத்தனை எடுத்தீர்களோ அத்தனையும் திரும்ப டப்பாவுக்குள் போனதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கணும்.

பாத்திரம் விஷயத்துக்கு வருகிறேன். கழுவின பாத்திரம் சாயந்திரம் மறுபடியும் தொட்டியில் கிடக்கும், தூத்த முற்றத்தில் மறுபடியும் சருகு விழும், மடித்த துணி, சமைத்த சோறு எல்லாமே அப்படித்தான். ஒரு நாள் பூராவும் நாம் செய்கிற வேலையில் மறுநாள் காலையில் அப்படியே இருக்கிறது தைத்த தையல் ஒன்றுதான். என் மகன் எல்கேஜி படிக்கும்போது அவன் சட்டைப்பை கிழிந்து, ஒட்டுப் போட அதே துணி கிடைக்காமல், என் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு துண்டை வெட்டி வைத்துத் தைத்தேன். நீலச் சட்டையில் சிவப்புப் புள்ளிப் பை. அதைத் தைத்து முடித்துவிட்டு ராத்திரி ரெண்டு தரம் எழுந்து போய் லைட்டைப் போட்டுப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? பாத்திரத்தை யாரும் அப்படி எழுந்து போய்ப் பார்க்கமாட்டார்கள்.

கேள்வி: எங்க அம்மும்மா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க கட்டின பருத்திச் சேலை ஆறு, மேலே போடுற வெள்ளை நேரியல் நாலு என்கிட்ட இருக்கு. வெட்டி ஒட்டி ஒரு விரிப்பு மாதிரி தைக்க ஆசை. வீடியோவில் பார்த்தா வட்டக் கத்தி, அளவு போட்ட பலகை, உள்ளே வைக்க பஞ்சு என்று என்னென்னமோ வேணும் போல இருக்கு. எனக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாப்போல கிடைக்காது. முடியுமா? — ஒரு வாசகி, திங்கள்சந்தை

பதில்: முடியும். வட்டக் கத்தி எதுவும் வாங்கவேண்டாம், நம்ம கத்தரிக்கோல் போதும். ஆனால் கணக்கை முதலில் போட்டுவிட வேண்டும்.

ஐந்து இஞ்ச் சதுரமாக வெட்டுங்கள். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் நாலரை இஞ்ச் மிஞ்சும். குறுக்கே எட்டு, நீளத்துக்குப் பத்து வைத்தால் 36-க்கு 45 இஞ்ச் விரிப்பு. மொத்தம் 80 துண்டு. ஒரு நாளைக்கு நாலு துண்டைச் சேர்த்தால் இருபது நாள். ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு நாள் கல்யாண வீடு, ஒரு நாள் கரண்ட் இல்லை என்று வைத்தாலும் ஒன்றரை மாசத்தில் மேல்துணி முடிந்துவிடும். பெரிய கட்டிலுக்குத் தைக்கணும் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அப்படி ஆரம்பித்த ஒன்று என் வீட்டில் பரணில் இருக்கிறது, எலிதான் அனுபவிக்கிறது.

சேலையை வெட்டுகிறதுக்கு முன்னாடி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். எங்கே வெளிச்சம் சல்லடை மாதிரி தெரிகிறதோ அந்த இடம் நைந்துபோனது, ஆசைக்காகக்கூட அதை எடுக்கவேண்டாம், ரெண்டு துவைப்பில் வாய் பிளந்துவிடும். நன்றாக இருக்கிற பாகத்தை வெட்டாமல் முதலில் பட்டையாகக் கிழியுங்கள். பருத்தி நூல் பிடித்து நேராகக் கிழியும், கத்தரிக்கோல் அப்படி நேராகப் போகாது. அம்மும்மா சேலையைக் கிழிக்கிற சத்தம் கேட்கும்போது நெஞ்சு ஒரு மாதிரி ஆகும், ஆகட்டும். சிவப்பு, மெரூன் சேலை இருந்தால் ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் அதை நேரியலுக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

சதுரம் வெட்ட அட்டை வைத்தால் நாலாவது துண்டிலேயே ஓரம் தேய்ந்துவிடும். பழைய எக்ஸ்ரே பிலிம்தான் இதற்கு நல்லது, தேயாது, பூ எந்த இடத்தில் வருகிறது என்றும் லேசாகத் தெரியும். என்னிடம் இருக்கிற ஐந்து இஞ்ச் அச்சு, என் மகன் கொல்லாமரத்தில் இருந்து விழுந்து கையை உடைத்தபோது எடுத்த எக்ஸ்ரே. ரெண்டு விரல் எலும்பு இன்னும் அதில் இருக்கிறது, ஒவ்வொரு துணி மேல் வைக்கும்போதும் அவன் கை அதன் மேல் படிகிற மாதிரி இருக்கும்.

தைக்கும்போது கால் இஞ்ச் எல்லாத் துண்டிலும் ஒன்றுபோல வரணும். ஒரு துண்டுக்கு அரைக்கால் இஞ்ச் தப்பினால் எட்டாவது துண்டில் ஒரு இஞ்ச் தப்பி நிற்கும், அப்புறம் வரிசையும் வரிசையும் சேராது. மிஷினில் அடையாளம் இல்லை என்றால், ஊசியில் இருந்து கால் இஞ்ச் அளந்து தட்டில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள், துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும். ரெண்டு ரெண்டு துண்டாகச் சேர்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் நூலை அறுக்கவேண்டாம், ஒரு ஜோடி முடிந்ததும் அடுத்த ஜோடியை அப்படியே உள்ளே கொடுங்கள். தோவாளையில் பூக் கட்டுகிற மாதிரி வரிசையாகத் தொங்கிக்கொண்டே வரும், நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். வரிசைகளைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி இஸ்திரி போடும்போது ஒரு வரிசையில் தையல் மடிப்பை வலது பக்கமாகவும் அடுத்த வரிசையில் இடது பக்கமாகவும் படியவையுங்கள். சேர்க்கும்போது மூலை ஒன்றுக்குள் ஒன்று கடித்துக்கொண்டு நேராக நிற்கும்.

நடுவில் வைக்க பஞ்சு வேண்டவே வேண்டாம். நமக்கு எடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, தடியாக எதையாவது தைத்துவிட்டு மூன்று நாள் காயாமல் முசடு நாற்றம் அடித்தால் யார் பொறுப்பு? ஒரு நேரியலையோ பழைய பெட்ஷீட்டையோ நடுவில் ஒற்றையாக விரித்தால் போதும், மழைக்காலத்திலும் திண்ணைக் கொடியில் ஒரு நாளில் காயும். அடித்துணி, நடுத்துணி, மேல்துணி மூன்றையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவில் இருந்து வெளியே பார்த்துப் பெரிய பெரிய தையலாகக் கையால் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், இது பின்னால் பிரித்துவிடுகிற தையல். அதற்கு அப்புறம் சின்ன ஓட்டுத் தையல், நாலு இஞ்சுக்கு ஒரு வரி. இதை மிஷினில் செய்யாமல் கையால் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். மடியில் வைத்துத் தைக்கலாம், பிள்ளை படிக்கிறதைப் பார்த்துக்கொண்டே தைக்கலாம், பஸ்ஸில் மட்டும் வேண்டாம். வங்காளத்தில் காந்தா என்று தைக்கிறார்களே, அதுவும் இதேதான். பழைய சேலையை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவது, நூலைக்கூட அந்தச் சேலையின் கரையில் இருந்தே உருவி எடுப்பார்கள்.

ஓரத்துக்கு நாலு பக்கமும் சேர்த்து 162 இஞ்ச் பட்டி வேண்டும். ஒரு சேலையின் கரை அஞ்சரை மீட்டர், அதாவது 216 இஞ்ச், ஒட்டுப் போடாமல் ஒரே கரையில் முழு விரிப்பும் முடிந்துவிடும். ஜரிகைக் கரை மட்டும் வேண்டாம், உரசும். இன்னொன்று, ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு இதைப் போர்த்திவிடாதீர்கள், முகத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளும். தரையில் விரித்து விளையாட விடுங்கள், அம்மும்மா மடியில் கிடக்கட்டும்.

கேள்வி: என் மிஷினில் மேலே தையல் நல்லா விழுது, கீழே நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு வருது. பாபினை நாலு தரம் மாத்திட்டேன். அப்புறம், எண்ணெய் தீர்ந்துபோச்சு, தேங்காய் எண்ணெய் விடலாமா? — ஒரு வாசகி, குளச்சல்

பதில்: கீழே சுருண்டால் எல்லோரும் பாபினைத்தான் பிடித்துத் திருகுவார்கள், பெரும்பாலும் தப்பு மேல்நூலில்தான் இருக்கும். மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற காலைத் தூக்கிவைத்துவிட்டு மேல்நூலை முழுக்க உருவி மறுபடியும் கோத்துவிடுங்கள். கால் இறங்கியிருந்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் இறுகி ஒட்டியிருக்கும், நூல் நடுவில் போகாமல் மேலே நின்றுவிடும். ஊசியையும் பாருங்கள், அதில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளம் இருக்கிற பக்கத்தில் இருந்துதான் நூல் நுழையணும்.

தேங்காய் எண்ணெயை மட்டும் மிஷினில் ஊற்றிவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும். நாளாக நாளாகப் பிசினாகப் பிடித்துக்கொள்ளும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும், அப்புறம் சக்கரம் அசையாது. மிஷின் எண்ணெய் சின்ன பாட்டில் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். விட்டதும் ஒரு கந்தல் துணியில் நாலு வரி ஓட்டிவிட்டு நல்ல துணியை வையுங்கள். கடற்கரைக் காற்றுக்கு உங்கள் ஊசியும் துருப்பிடிக்குமே, அதற்குத் தேங்காய் எண்ணெய் உதவும், ஆனால் வேறு வழியாக. எங்க அம்மை சீப்பில் வருகிற தலைமுடியைச் சேர்த்து உருட்டி உள்ளே வைத்துத்தான் ஊசி குத்துகிற மெத்தை தைப்பாள். முடியில் இருக்கிற எண்ணெய்ப் பசையே போதும், ஊசி பளபளவென்று இருக்கும். கேட்க அருவருப்பாக இருந்தாலும் ஒரு தரம் செய்து பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு பென்சில் பை, மதியச் சாப்பாட்டுப் பை எல்லாம் ஆசைக்குத் தைக்கிறேன். பார்க்கிற எல்லாரும், முக்கியமா எங்க மயினி, "இதை போட்டோ எடுத்துப் போட்டு வித்தா 250 ரூபாய்க்குப் போகுமே, சும்மாவா தைக்கிறே"ன்னு கேக்கிறாங்க. விக்கணுமா? — ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நம்ம ஊரில் ஊசி பிடித்த பெண்ணின் கைக்கு எப்போதுமே யாராவது ஒரு கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட், 1820களில் மிஷன் பள்ளிப் பெண்களுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னச் சொல்லிக்கொடுத்தார். தலையணையில் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றின நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அந்தப் பெண்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு, பின்னின காசைக் கொடுத்து விடுதலை வாங்கினவர்களும் உண்டு. தைத்த குப்பாயத்தை, அதாவது மேல்சட்டையை, போட்டுக்கொள்ளவே இங்கே பெண்கள் 1859 வரை அடி வாங்கிப் போராட வேண்டியிருந்தது. அதனால் விற்கிற தையலை நான் குறைவாகவே பேசமாட்டேன், எங்க அம்மை என்னை வளர்த்ததும் தையல் காசில்தான், என் அடுப்பு எரிவதும் அதில்தான்.

ஆனால் மயினியிடம் கணக்கைச் சொல்லுங்கள். துணி அறுபது ரூபாய், ஜிப்பும் நூலும் பதினைந்து, மிச்சம் 175. வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு, போட்டோ எடுத்து, "கலர் மாத்தித் தருவீங்களா" என்று கேட்கிறவளுக்குப் பதில் சொல்லி, பார்சல் கட்டி முடிக்க மூன்று மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு அறுபது ரூபாய்கூட நிற்காது. அதுவும் காசு கையில் வந்தால். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, பேர் வேண்டாம், கிறிஸ்துமஸ் விழாவுக்கு 32 தேவதை உடுப்பு தைத்துக் கொடுத்தேன், சிறகோடு. நாலு ராத்திரி தூங்கவில்லை. விழா முடிந்தது, பொங்கல் முடிந்தது, காசு வந்தது ஈஸ்டருக்கு அப்புறம். அந்த வெள்ளை நெட் துணியை இப்போது கடையில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

விற்க ஆரம்பித்த அன்றைக்கு அந்தப் பை உங்கள் கையை விட்டுப் போய்விடும், இன்னொருத்தி சொல்கிற கலரில், அவள் சொல்கிற நாளுக்குத் தைக்கணும். வீட்டில் காசுக்குத் தேவை இருந்தால் கண்டிப்பாக விற்றுப் பாருங்கள், முன்பணம் வாங்காமல் துணியில் கத்தரி வைக்காதீர்கள். தேவை இல்லை என்றால், உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மேசை மேல் அந்தப் பையை எடுத்து வைத்து "எங்க அம்மை தச்சது" என்று சொல்வது போதும் என்று மயினியிடம் சொல்லுங்கள். கூடவே அவர்களுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்துவிடுங்கள், வாய் அடங்கும்.

கேள்வி: அக்கா, ஆம்பளை எழுதலாமா? என் மனைவி ராத்திரி பிள்ளைகள் தூங்கினதுக்கு அப்புறம் பழைய மிதி மிஷினில் எதையாவது தைச்சுக்கிட்டே இருப்பா. அடுத்த மாசம் அவளுக்குப் பிறந்தநாள். மோட்டார் வச்ச புது மிஷின் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். எது நல்லது? — ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: தாராளமாக எழுதலாம் தம்பி. பழைய மிஷின் நன்றாக ஓடுகிறது என்றால் அதை மாற்றவேண்டாம். இரும்பு மிஷின், மூன்று தலைமுறைக்கு வரும், வேண்டுமென்றால் அதிலேயே மோட்டார் மாட்டித் தருவார்கள். ராத்திரி தைக்கிறாள் என்கிறீர்கள், ஊசிமேல் நேராக விழுகிற மாதிரி ஒரு சின்ன லைட் வாங்கிக் கொடுங்கள், அவளுக்குக் கண் மிஞ்சும். ஒரு நல்ல கத்தரிக்கோலும் வாங்குங்கள். அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, இதில் காகிதம் வெட்டினால் தொலைத்துவிடுவேன் என்று பிள்ளைகளிடம் நீங்களே சொல்லிவையுங்கள், தேங்காய் எண்ணெய் பாக்கெட்டை வெட்ட நீங்களும் அதை எடுக்கக்கூடாது.

காசில்லாமல் கொடுக்க ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரெண்டு மணி நேரம் வெளியே போங்கள். குலசேகரத்தில் இருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம்தானே, அந்தக் கடைசிவரை நடந்து, கீழே பறளியாற்றை எட்டிப் பார்த்து, திரும்பி வந்து கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் ரெண்டு மணி நேரம் ஓடிவிடும். பாலத்தில் சின்னதின் கையை விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும், என்ன தச்சே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் தம்பி, ஒருவேளை அவள் அந்த ரெண்டு மணி நேரமும் தூங்கியிருப்பாள்.